கதிரைக்காரனின் கணக்கு

இருநூறு கதிரை. நான்கு மின்விசிறி. ஒரு ஜெனரேட்டர்.
"மேடைக்கு எத்தனை கதிரை?" என்று கேட்டேன்.
"ஒன்றும் வேண்டாம்" என்றாள் கிண்ணியாவிலிருந்து
மொழிபெயர்க்க வந்த சுமைரா.
"முழந்தாளிட்டு இருந்துதான் அவர் கதை சொல்லுவார்.
ஒரு மெத்தை போதும்.
அந்த மெத்தை கட்டுநாயக்காவிலேயே நின்றுவிட்டது."

என்னிடம் இருந்தது மணவறை மெத்தை.
கத்தரிப்பூ நிற வெல்வெட், நாலு மூலையிலும் தங்கக் குஞ்சம்,
போன கிழமை திருக்கடலூரில் ஒரு மாப்பிள்ளை
வியர்த்து வியர்த்து இருந்தது.
மினோவா என்ற அந்த மெலிந்த மனிதர்
தடவிப் பார்த்தார், குஞ்சத்தை ஒருதரம் சுண்டினார்,
பிறகு மெத்தைக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்.
என் சாமானை அதற்கு முன் யாரும் கும்பிட்டதில்லை.

நகர மண்டபக் கதவடியில்
விழாச் சுவரொட்டியைத் தின்றுகொண்டு நின்றது ஒரு மான்.
மலை முடிந்து, பூமரத்தில் பாதி போயிருந்தது.
"என் ஊரிலும் மான் உண்டு,
பிஸ்கற்றுக்கு முன்னால் தலை குனியும்" என்றாராம்.
எங்கள் மான் குனியாது.
பஸ் நிலையத்தில் லஞ்ச்சீட் தின்று வளர்ந்தது.

ஆறு மணிக்கு முப்பத்தொரு பேர்.
ஒன்பது பேர் அதிகாரிகள்,
மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
மண்டபம் கூட்டுகிற இராசநாயகி
தும்புத்தடியில் சாய்ந்தபடி சொன்னாள்:
"இவங்கள் முதல் வந்தது நாப்பத்திரண்டிலயாம், மேலால.
அப்ப ஒருத்தருக்கும் அழைப்பிதழ் குடுக்கேல்லையாம்."

அவர் விசிறியை மடித்தார்.
விசிறி சாப்பாட்டுக் குச்சியானது.
வெறும் கைக்குள் ஒரு கோப்பை ஆவி பறத்தியது.
உறிஞ்சினார்.
அந்தச் சத்தம்!
கடைசி வரிசைச் சட்டை வரை தெறித்தது.
"இடியப்பம்" என்றது ஒரு பிள்ளை, "சொதியோட."
சுமைரா வாய் திறக்க முன்னமே சிரிப்பு வந்துவிட்டது.
அவள் தமிழில் சொன்னதும் இன்னொருதரம் சிரித்தார்கள்,
முதல்தரம் சரியாகத்தான் சிரித்தோமா என்று பார்க்க.

வலப்பக்கம் திரும்பினால் கடன் கொடுத்தவர்.
இடப்பக்கம் திரும்பினால் வாங்கியவன்,
போர்வைக்குள் செத்துக் கிடக்கிறான்.
"லீசிங்காரன் வந்திட்டான்ரா!" என்று
மழைக்கு ஒதுங்கிய ஓட்டோக்காரன் கத்த,
பக்கத்திலிருந்த நேவிக்காரன்
தமிழும் விளங்காமல் ஜப்பானும் விளங்காமல்
தொடையில் அடித்துச் சிரித்தான்.
ஓட்டோக்காரன் எழும்பிப் போனான்.
திரும்பி வந்தான்,
ஸ்டாண்டில் நின்ற அத்தனை பேரோடும்.

செத்தவனுக்குத் தும்மல் வரப்போகிற நேரம்
கரண்ட் போனது.
என் ஜெனரேட்டர் இருமியது, இருமியது, படுத்துவிட்டது.
டீசல் பார்த்தாயா என்று கேட்டால்
இப்போதும் பதில் சொல்லமாட்டேன்.
மைக் இல்லை. சுமைராவின் குரல்
மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை.
ஒரு போன் வெளிச்சம் அடித்தது, பிறகு பத்து,
பிறகு நான் எண்ணவில்லை.
அந்த மனிதர் இருட்டையும் கதைக்குள் எடுத்துக்கொண்டார்.
கடன் கொடுத்தவர் மடி தடவித் தீக்குச்சி தேடினார்,
வெறும் விரலில் உரசினார்,
உற்றுப் பார்த்தார்,
ஊதி அணைத்தார்.
முன்வரிசைப் போன்கள் தாமாக அணைந்தன.
தும்மல் வந்தது.
அதை இன்றுவரை எனக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை.

எப்படியோ வயரைத் திருத்தி வெளிச்சம் போட்டால்
"நூருங்கோ! நூருங்கோ!" என்று கத்துகிறார்கள்.
இருபத்திரண்டு வருசத் தொழிலில்
வெளிச்சத்துக்காக ஏச்சு வாங்கியது அன்றைக்குத்தான்.

பதினொன்றரைக்கு அடுக்கி முடித்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
ஒன்றை மான் முட்டி உடைத்தது.
மற்றது போன இடம் தெரியாது.
அடுத்த மாதம் சுமைரா ஒசாக்கா போகிறாள்,
வயோதிபர் இல்லத்தில் வேலை.
"அங்க இருக்கிற ஆக்களுக்கு
இந்தக் கதையத் தமிழில சொல்லிப் பாக்கப் போறன்."
"சிரிக்காட்டி?"
"கரண்டை நிப்பாட்டுவன்."

பில் எழுதினேன்.
கதிரை இருநூறு. விசிறி நான்கு.
ஜெனரேட்டர், வெட்கத்தில் பாதி விலை.
மெத்தை ஒன்று;
நடுவில் இரண்டு முழங்கால் குழி.
ஞாயிறு உப்புவெளியில் கலியாணம்.
தட்டிப் பார்த்தேன், நிமிரவில்லை.
அப்படியே ஏற்றிவிட்டேன்.